கிளட்ச் இல்லாத கார்

நத்தர்ஷா பாய் எந்தக் காரை வாங்கப்போகிறார் என்பதில்தான் சாமிதுரையின் மிச்சப் பிழைப்பே இருந்தது. பாவம், அது பாய்க்குத் தெரியாது. குவைத்திலிருந்து திரும்பிய மனிதர், லப்பைக்குடிக்காட்டு மைதானத்தில் நின்ற இரண்டு பழைய சொகுசுக் கார்களையும் மாறி மாறிப் பார்த்து மலைத்துப்போயிருந்தார். மெட்ராஸில் ஏலத்தில் எடுத்துத் தரகர் கொண்டுவந்தவை. ஒன்று கியர் வண்டி. மற்றது தானே கியர் மாற்றிக்கொள்ளும். அதில் கிளட்ச்சே கிடையாது.

இஞ்சின் சத்தத்தைக் கேட்டுச் சொல்லத்தான் சாமிதுரையைக் கூப்பிட்டிருந்தார்கள். அரியலூர் சுண்ணாம்புக்கல் லாரியைப் பன்னிரண்டு வருஷம் ஓட்டியவன். லாரி கவிழ்ந்து இடது கால் முழங்காலோடு போனதிலிருந்து டயர்க்கடையில் பஞ்சர் ஒட்டுகிறான். ஸ்டியரிங்கைத் தொட்டே நாலு வருஷமாகிறது. தொட்டு என்ன செய்ய, கிளட்ச்சை யார் மிதிப்பது?

கிளட்ச் இல்லாத காரில் டாக்சிக்காரர் பெரியசாமி முதலில் ஏறினார். பத்தடி போவதற்குள் அவருடைய இடது கால் பழக்கதோஷத்தில் கிளட்ச்சைத் தேடி, அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்தது. பின்சீட்டில் இருந்த பாய் முன்சீட்டில் போய் முட்டிக்கொண்டார். மறுபடியும் அதே கூத்து. மூன்றாம் தடவை பக்கத்தில் உட்கார்ந்திருந்த தரகரே இறங்கிவிட்டார்.

"யா அல்லா! இதுக்கு மாட்டுவண்டியே தேவலாம்ப்பா. கியர் வண்டியவே முடிச்சிடுவோம்."

பாயிடம் டிரைவர் வேலை கேட்கலாம் என்றிருந்த சாமிதுரைக்குப் பகீரென்றது. கியர் வண்டியின் இஞ்சினில் ஒரு குறை சொல்லிவிடலாம்தான். ஆனால் அது தங்கமாக ஓடுகிறதே, எப்படிச் சொல்வது? கூச்சத்தை உதறிவிட்டு வாயைத் திறந்தான்.

"வண்டி மேல தப்பில்லீங்க பாய். அண்ணனோட எடது காலு சும்மா இருக்க மாட்டேங்குது. நான் ஒரு தடவ ஓட்டிப் பாக்கட்டுங்களா?"

"நீயா?" பாயின் பார்வை கீழே போய், சட்டென்று விலகியது.

"தப்பா மிதிக்க எனக்குத்தான் அந்தக் காலே இல்லீங்களே."

பெரியசாமிதான் முதலில் சிரித்தார். "அட, ஏறுடா! அக்குள்கட்டைய எங்கிட்ட குடு."

சாமிதுரை ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தான்; பாய் பின்சீட்டில். வலது காலை மெல்ல அழுத்தினான். ஒரு குலுங்கல் இல்லை; கார் வழுக்கிக்கொண்டு பெரம்பலூர் ரோட்டில் ஏறியது.

"திருப்பிடவா பாய்?"

"எதுக்கு? நீ பாட்டுக்குப் போப்பா."

அந்த வார்த்தையில் சாமிதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு பார்த்தால், முன்னே ரோட்டை அடைத்தபடி ஒரு கல் லாரி போய்க்கொண்டிருந்தது. ஹாரன் அடித்தான். லாரி இடப்பக்கம் ஒதுங்கியது. யாரென்று தெரியாத அந்த டிரைவரின் கை ஜன்னலுக்கு வெளியே நீண்டு, 'முன்னால போ, போ' என்று அசைந்தது.