மணல் நிறைந்த கோயில்

எங்கள் மாதா கோயிலுக்குச் சுவர் எழும்பி, வளைவுக் கூரையும் போட்டாகிவிட்டது. ஆனால் ஒருவரும் உள்ளே போய் முழந்தாளிட முடியாது. தரையிலிருந்து கூரைவரை மணல் நிறைந்து கிடந்தது. அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர்தான்.

அவர் பெயர் சந்தியாகு, கொத்தனார். வளைவுக் கூரை போட்டால் சுண்ணாம்பு இறுகும்வரை அடியில் மரச் சாரம் தாங்கவேண்டும். பழவேற்காட்டில் நல்ல மரமெல்லாம் உலாந்தா வெள்ளைக்காரரின் கோட்டைக்கும் கப்பலுக்கும் போய்விடும். எங்களுக்கு மிஞ்சுவது அடுப்புச் சுள்ளி. அதனால் அவர் வாசலையும் சன்னலையும் கல்லால் அடைத்து, உள்ளே மணலை நிரப்பி, மேற்புறத்தை வளைவாக வழித்து, அதன்மேல் செங்கல் அடுக்கினார். ஏரிக் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு இடித்துக் கொடுத்தவள் நான். ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சுண்ணாம்பு இறுகியது. மணலை எடுக்கலாமே என்றால், "இன்னும் காயல" என்றார். அடுத்த மாதமும் அதே பேச்சு. எனக்கா தெரியாது? முன்பு தெற்கே ஓர் ஊரில் சாரத்தைப் பிரித்தபோது கூரை இறங்கி, அவருடைய தம்பி அருளப்பன் அடியிலேயே போய்விட்டான். அதற்குப் பிறகு இவர் கட்டிய முதல் வளைவு இது. பாவம்தான். ஆனால் நாம் பாவம் பார்த்தால் மழை பார்க்குமா? ஈரம் இறங்கினால் மணல் கனத்துச் சுவரைத் தள்ளிவிடும். கோயிலே போய்விடும். இதைச் சொன்னவரும் அவரேதான். சொல்லிவிட்டுக் கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தார்.

ஐப்பசி பிறந்து கடல் பக்கம் மேகம் கறுத்தது. என் பொறுமை போய்விட்டது.

"இன்னாய்யா, நீயே கட்டி நீயே இடிக்கப் போறியா?"

"தொடாத ரோசி. யாரு மேலனா வுழுந்தா?"

"என் மேல வுழட்டும். நான் இடிச்ச சுண்ணாம்பு இன்னா பண்ணுதுனு பாக்கறேன்."

ஏணியை வாசலுக்கு மேலிருந்த வட்டச் சன்னலில் சாத்தி, அதை அடைத்திருந்த கற்களைப் பெயர்த்தேன். குப்பத்து இருசம்மாள் மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு அந்தப் பக்கம் வந்தாள்.

"நானும் வரேன்க்கா. உங்க மாதா கோவிச்சுக்க மாட்டாங்களே?"

"உன் கூடை நாத்தத்துக்கு வேணா கோவிச்சுக்குவாங்க. புடி."

நான் சன்னலுக்குள் நுழைந்து கொட்டாங்கச்சியால் மணலை வார, அவள் ஏணியில் நின்று கூடையை வாங்கினாள். அந்த மணலைக் குடிசையைச் சுற்றிக் கொட்டி மேடாக்கினால் மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வராது என்று குப்பத்துப் பெண்களையும் கூப்பிட்டுவிட்டாள். நான் வார வார, கூரைக்கும் மணலுக்கும் நடுவே ஊர்ந்து போக இடம் கிடைத்தது.

திடீரென்று மேலேயிருந்து ஒரு கட்டி பொத்தென்று விழுந்தது. வெளியே பெண்கள் அலறிக்கொண்டு விலகினார்கள். எனக்கும் உயிர் போய் வந்தது. பிடிவாதத்தில்தான் அங்கேயே படுத்திருந்தேன், தைரியத்தில் அல்ல.

ஏணி கிறீச்சிட்டது. சன்னலில் அவர் முகம், வெளிறிப்போய்.

"வெளிய வா ரோசி."

"வர மாட்டேன். நீ உள்ள வா."

கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டே ஊர்ந்து வந்தார். மணல்மேல் மல்லாந்து படுத்து, கட்டி விழுந்த இடத்தைத் தடவினார். விரல் முட்டியால் தட்டினார். நகர்ந்து, மறுபடி தட்டினார். கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"வழிஞ்ச சுண்ணாம்புதான் உதிர்ந்து கீது. கல்லு அசையல" என்றார். பிறகு, "அந்தக் கொட்டாங்கச்சிய குடு."

அவர் வாரினார், நான் கூடையைத் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் உட்கார முடிந்தது. பொழுது சாயும்போது, நடுவே இடுப்பளவு குழி பறித்து அதில் நிமிர்ந்து நின்றார். தலைக்கு மேல் அவருடைய வளைவு, தாங்க ஒன்றுமில்லாமல் நின்றது.

சன்னலில் இருசம்மாள் பயந்து பயந்து தலையை நீட்டினாள். "கொத்தனாரே, உள்ள வரலாமா? வுழாதே?"

அவர் அவளை நோக்கிக் கையை நீட்டினார்.

"வாம்மா. நான் கட்டுனது."