கொல்லையில் ஒரு காளவாய்

வங்காளத்தில், கார்டன் ரீச்சில் எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு கக்கூஸ். 1998-ல் பெண் ஜெயப்ரியாவின் கல்யாணம் நிச்சயமானதும், இன்னொன்று கட்டியே ஆக வேண்டும் என்றாள் மனைவி மீனாக்ஷி. கொல்லையில் செப்டிக் டாங்க்குக்குக் குழி வெட்டினார்கள். இடுப்பளவு ஆழத்தில் வட்டமான செங்கல் சுவர் தட்டுப்பட்டது.

வேறு எவனாக இருந்தாலும் அதை இடித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பான். நானோ சரித்திரப் புத்தகம் படிக்கிற வங்கி அதிகாரி. வேலையை நிறுத்தினேன். “போர்த்துகீசியர் கட்டிய காவல் கோபுரம்” என்று தெருவுக்கே அறிவித்தேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கோபுரம் ஒரு மாடி உயர்ந்தது. பல்கலைக்கழகத்துக்கும் நானே போன் செய்தேன்.

ஷர்மிஷ்டா லாஹிரி என்ற ஆய்வாளர் வந்தார். குழிக்குள் இறங்கி, சுவரில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கைச் சுரண்டினார். வெந்தும் வேகாமலும் கிடந்த கிளிஞ்சல்களைப் பொறுக்கினார்.

“கோபுரம் இல்லை, சேஷாத்ரி பாபு. சுண்ணாம்புக் காளவாய். வெள்ளைக்காரர்கள் கோட்டை கட்டுவதற்கு இங்கே சுண்ணாம்பு சுட்டிருக்கிறார்கள். அருமையான கண்டுபிடிப்பு! நாங்கள் தோண்டி முடிக்கும்வரை யாரும் தொடக் கூடாது” என்றார் வங்காளியில்.

கண்டுபிடிப்பு என்ற சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது. பெருமையாகத் தலையாட்டினேன்.

“ஏன்னா, கல்யாணத்துக்கு வரவா எல்லாம் எங்க போவா?” என்றாள் மீனாக்ஷி.

“சரித்திரம் முக்கியம் இல்லையா?”

“அதைச் சம்பந்தியண்ட நீங்களே சொல்லுங்கோ.”

சொல்லும்படி ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு முதல் நாள், மெட்ராஸ் உறவுகளால் வீடு நிரம்பியிருந்த நேரத்தில், அலிப்பூரிலிருந்து சம்பந்தி வெங்கடநாராயணன் வந்தார். டாக்ஸியிலிருந்து இறங்கும்போதே முகத்தில் ஓர் அவசரம். காளவாயைப் பார்க்கிற ஆவல் என்று நினைத்துவிட்டேன். கையைப் பிடித்துக் குழியோரம் கூட்டிப்போய், கிளிஞ்சல் எப்படிச் சுண்ணாம்பாகிறது என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

“பிரமாதம். பாத்ரூம் எங்க இருக்கு?”

கக்கூஸ் வாசலில் என் சித்தப்பா, மாமா, இரண்டு மாமிகள் வரிசையில் நின்றார்கள்.

நல்லவேளையாக, பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி, போஸ் பௌதி, ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டாள். “தாதா, ஆசுன், ஆசுன்!” என்று அவரைத் தன் வீட்டுக்கு அழைத்தாள். சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

கல்யாணம் நின்றது என்றே முடிவு செய்துவிட்டேன். அவரோ டீ குடித்து, சந்தேஷ் இனிப்பு தின்று, நிதானமாகத் திரும்பி வந்தார்.

“எங்காத்துல மூணு பாத்ரூம் இருக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பாதிப் பேரை அங்க தங்க வெச்சிருக்கலாமே!”

எனக்கு அது தோன்றவே இல்லை. அன்று சாயங்காலமே சித்தப்பா குடும்பம் பெட்டியோடு அலிப்பூருக்குக் கிளம்பியது. மீனாக்ஷி என்னைத் தவிர எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள்.

சம்பந்தி மட்டும் குழியோரம் வந்து நின்றார். “இப்ப சொல்லுங்கோ, நிதானமாக் கேக்கறேன்” என்றார்.

வெட்கமே இல்லாமல் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.