பெண்டு என்றால் வெல்டிங் நிற்கும்

திருச்செங்கோட்டில் எங்கள் பட்டறையில் போர்வெல் போடும் ரிக் லாரிகளுக்கு டீசல் டேங்கும் டூல் பாக்சும் செய்கிறோம். தகடு வளைக்கும் பெண்டிங் மிஷின் ஏழு வருடமாக என் கையில். பெடலை மிதிப்பதற்கு முன் நான் "பெண்டு!" என்று கத்த வேண்டும். கேட்டதும் எதிர்ப்பக்கம் வெல்டிங் வைக்கும் அன்பரசு ராடைத் தூக்கிவிட வேண்டும். இரண்டும் ஒன்றாக மின்சாரம் இழுத்தால் பிரேக்கர் விழுந்து பட்டறையே நின்றுவிடும். ஆனால் அப்படிப் பாதியில் நின்று தொடங்கிய வெல்டிங்கில்தான் டேங்க் ஒழுகுகிறது. மாதம் இரண்டு டேங்காவது திரும்பி வந்துவிடும்.

மிஷினின் பழைய மோட்டார் காலையில் போட்டால் சாயந்திரம் வரை உறுமும், தகடு வளைத்தாலும் வளைக்காவிட்டாலும். பெடலை மிதிக்கும்போது மட்டும் சுற்றுகிற சின்ன மோட்டார் ஒன்றைக் கோயம்புத்தூர் கண்காட்சியில் பார்த்துவிட்டு வந்து, முதலாளி சந்திரசேகர் அண்ணனை மூன்று மாதம் நச்சரித்தேன்.

"ஒரு நாள் மாட்டிப் பாக்கலாம் சரிதா. ஒரு தடவ பிரேக்கர் விழுந்தாலும் பழசுதான். அப்பறம் இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது," என்றார்.

நேற்று புதன்கிழமை மாட்டினார்கள். வேண்டாம் என்றால் நான்கு மணிக்குக் கழற்றிக்கொண்டு போக மோட்டார் கம்பெனியின் குருமூர்த்தி காத்திருந்தார். முந்தின நாள் நாற்பது டூல் பாக்சுக்கு மீட்டரில் இருபத்திரண்டு யூனிட் ஓடியிருந்தது. புது மோட்டாரில் அதே நாற்பதுக்கு ஒன்பது! மீட்டரை இரண்டு முறை பார்த்தேன். ஒன்பதுதான்.

அண்ணன் அசரவில்லை. "யூனிட்டு கொறஞ்சா சந்தோசந்தான். எனக்கு டேங்கு ஒழுகக்கூடாது. ரெண்டையும் ஒண்ணா ஓட்டிக் காட்டு."

கனத்த தகடாகப் பார்த்து வைத்தேன். "பெண்டு!" மிதித்தேன். தகடு வளைந்தது. பிரேக்கர் விழவில்லை. நான் குதித்தே விட்டேன்.

"எதுக்குங்க குதிக்கறீங்க? அங்க பாருங்க," என்று குருமூர்த்தி சிரித்தார்.

அன்பரசு ராடை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். "ஏனக்கா, நீங்க கத்துனீங்க, நான் தூக்கிட்டேன்."

"தூக்காத சாமி! அதான பரீச்சையே!"

இந்த முறை கத்தவே கூடாது என்று பல்லைக் கடித்தேன். கால் பெடலில் பட்டதும் வாய் தானாகக் கத்தியது. அவன் கையும் தானாகத் தூக்கியது.

"ரெண்டு பேரும் சேந்து என்னய ஏமாத்தறீங்களா?" என்றார் அண்ணன். மணி மூன்று இருபது. குருமூர்த்தி ஸ்பானர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

அன்பரசுதான் வழி கண்டுபிடித்தான். எண்ணெய் துடைக்கும் பஞ்சைப் புதிதாகப் பிய்த்து இரண்டு காதிலும் திணித்தான். முகத்தில் ஷீல்டை இறக்கி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, டேங்கின் அடியில் தகடுகள் சேரும் தையலுக்கு வெல்டிங் வைக்கத் தொடங்கினான்.

மிதித்தேன். "பெண்டு!" நீல வெளிச்சம் நிற்கவில்லை. இரண்டாவது தகடு. "பெண்டு!" மலைக்கோயில் வரை கேட்டிருக்கும், அவனுக்குக் கேட்கவில்லை. அண்ணன் பொங்கப் போகிற பாலைப் பார்ப்பது போல பிரேக்கரையே பார்த்து நின்றார். மூன்று. நான்கு. பிரேக்கர் அசையவே இல்லை!

தையலை ஒரே ஓட்டமாக முடித்து, ஷீல்டைத் தூக்கிப் பஞ்சைப் பிடுங்கினான் அன்பரசு.

"ஏனக்கா, தையலே முடிஞ்சுருச்சு. எப்பத்தான் மிதிப்பீங்க?"

என் பக்கத்தில் வளைந்த தகடுகள் நான்கு கிடந்தன. நான் அவற்றைக் கை காட்டினேன்.

டேங்கில் தண்ணீர் நிரப்பி அடியில் செய்தித்தாள் விரித்தோம். நான்கு மணிக்கும் தாள் காய்ந்தே இருந்தது. அண்ணன் பழைய மோட்டாரைக் காலால் தட்டினார். "குருமூர்த்தி, உங்க வண்டியில எடமிருந்தா இத ஏத்திக்கங்க."

இன்று காலை முதல் தகட்டுக்கே நான் மறந்துபோய்க் கத்திவிட்டேன். அன்பரசு ராடைத் தூக்கிவிட்டு, என்னைத் திட்டிக்கொண்டே பஞ்சு தேடப் போனான்.