நாலு எம்.பி.க்களும் ஒரு குளியலறையும்

எம்.பி. லாவெல்லின் தொகுதி அலுவலகக் கதவு திறந்ததும் ஆப்பிள் கேக் வாசனைதான் முதலில் உள்ளே வந்தது. பின்னாலேயே அட்ராக்டா கில்மார்ட்டின். எம்.பி. டப்ளின் பாராளுமன்றத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இங்கே ஊராரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது அவருடைய உதவியாளரான ஃபினோலாதானே!

"ஏன் தாயி, ஏதாவது தகவல் உண்டா?"

"இல்லக்கா."

அட்ராக்டாவின் கணவர் ஃபெஸ்டஸுக்குப் பக்கவாதம் வந்து கால் விழுந்துவிட்டது. மாடியில் கழிப்பறையோடு சேர்ந்து இருக்கும் குளியலறைக்கு ஏற முடியாது. கீழே ஒன்று கட்ட மாவட்டக் கவுன்சில் மானியம் கொடுத்தால்தான் அவர் முதியோர் இல்லத்திலிருந்து வீட்டுக்கு வர முடியும். விண்ணப்பம் போட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது.

"நேத்துப் போனப்ப, 'என்னை இங்கேயே விட்டுருவியா?'ன்னு கேட்டாரு ஃபினோலா. அந்த மனுஷன் என்கிட்ட அப்படிக் கேக்கலாமா?" அட்ராக்டா கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஃபினோலாவுக்குச் சுர்ரென்று ஏறியது. போனை எடுத்துக் கவுன்சில் குமாஸ்தா டெக்லனைப் பிடித்தாள்.

"என்னய்யா, வேலை பாக்குறீங்களா, இல்ல தூங்குறீங்களா? கில்மார்ட்டின் கோப்பு என்னாச்சு?"

"அடப் போம்மா! நீங்க விட்டாத்தானே! அது அடுக்குல மேல வர்றப்பல்லாம் ஏதாவது ஒரு எம்.பி. ஆபீஸ்லேருந்து 'என்னாச்சு?'ன்னு கடுதாசி வந்துருது. எம்.பி.க்குப் பதில் எழுதாம இருக்க முடியுமா? வெளியே எடுத்து, பதில் எழுதி, மறுபடி அடியிலதான் வைப்போம். உங்க ஆளு ஓய்ஞ்சா அடுத்தவரு, அவரு ஓய்ஞ்சா இன்னொருத்தரு..."

ஃபினோலா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "அக்கா, நம்ம தொகுதி எம்.பி. நாலு பேர்ல எத்தனை பேர்கிட்டச் சொல்லியிருக்கீங்க?"

"இதென்ன கேள்வி! நாலு பேர்கிட்டயுந்தான். ஒருத்தரை நம்பி உக்காந்திருக்க நான் என்ன பைத்தியமா? ஆளுக்கு ஒரு கேக்கும் குடுத்திருக்கேன்."

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஒரே தொகுதிக்கு நாலு எம்.பி.க்களைத் தேர்ந்தெடுக்க, ஓட்டுச்சீட்டில் விருப்ப வரிசைப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லாருக்கும் எண் போடுகிற ஊரில் குறையையும் எல்லாரிடமும்தான் சொல்வார்கள்.

சாயங்காலத்துக்குள் ஃபினோலா எதிராளிகளின் மூன்று அலுவலகங்களுக்கும் போன் போட்டு, "தயவு செஞ்சு யாரும் ஒண்ணும் செய்யாதீங்க" என்று கெஞ்சினாள். "நாங்க சும்மா இருந்து, உங்க ஆளு பேர் வாங்கிட்டுப் போகணுமாக்கும்?" என்று ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாள். கடைசியில் ஒப்பந்தம் ஆனது: யாரும் மூச்சு விடக்கூடாது, மானியம் வந்தால் நாலு பேரும் ஒரே நாளில் 'என் முயற்சியால்' என்று வாழ்த்து அனுப்பிக்கொள்ளலாம். சொந்த எம்.பி.யை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

"ஒரே ஒரு வரி எழுதிடறேனே ஃபினோலா?"

"பேனாவைத் தொட்டீங்க, நான் வேலையை விட்டுருவேன்."

நாலு பேரும் சும்மா இருந்தார்கள். அடுத்த மாதமே மானியம் வந்துவிட்டது. குளியலறையும் எழும்பியது.

ஃபெஸ்டஸ் வீடு திரும்பிய அன்று மூக்கில் வியர்த்தாற்போல் நாலு எம்.பி.க்களும் போட்டோக்காரரோடு வந்துவிட்டார்கள். பின்னாலேயே ஃபினோலாவும் வந்தாள். குறுகலான நடையில் சக்கர நாற்காலியை நெருக்கியடித்துச் சூழ்ந்துகொண்டு, ஆளாளுக்குத் தான் பட்ட பாட்டைச் சொன்னார்கள். ஃபெஸ்டஸின் முகம் சிவந்துகொண்டே வந்தது. நெகிழ்ந்துவிட்டார் போலும் என்று லாவெல் கையை நீட்டினார்.

"யோவ்!" என்றார் ஃபெஸ்டஸ். "அந்தக் கக்கூசுக்காக ஒரு வருஷமாக் காத்துக் கிடக்கேன். இப்பவும் நீங்க நாலு பேருந்தான் குறுக்கே நிக்கிறீங்க. நகருங்கய்யா, அவசரம்!"

நாலு பேரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். அட்ராக்டா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். புருஷனும் பெண்டாட்டியும் உள்ளே விழுந்து விழுந்து சிரிப்பது ஃபினோலாவுக்குக் கேட்டது.