மூன்றில் ஒன்றா, நான்கில் ஒன்றா

கணக்கு டீச்சருக்கு வகுப்பில் யார் வந்து உட்கார்ந்தாலும் கவலையில்லை. நாத்தனார் வந்தால்தான் பயம். நாத்தனார் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். தெரிந்ததை முதலில் நினைவூட்டு, பிறகு புதியதைக் காட்டு, அப்புறம் சேர்ந்து செய், கடைசியில் தனியாகச் செய்யவிடு என்று பள்ளி பள்ளியாகப் போய்ச் சொல்பவள். அன்று ஐந்தாம் வகுப்பு ‘அ’ பிரிவின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

படிகளை எல்லாம் டீச்சர் மனப்பாடமாகத்தான் வைத்திருந்தாள். கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் அத்தனையும் மறந்துபோயிற்று. வாய்க்கு வந்தது கடைசிப் படிதான்.

“மூணுல ஒண்ணு பெருசா, நாலுல ஒண்ணு பெருசா? நீங்களே கண்டுபிடிங்க.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வகுப்பு சந்தைக்கடையானது. நாலுதானே பெரியது என்று ஒரு கட்சி கிளம்பியது. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, நாலாகப் பிரித்தால் துண்டு சிறுத்துப்போகுமே என்று மல்லுக்கு நின்றாள். மணி அடிப்பதற்குள் வகுப்பே சரியான விடைக்கு வந்துவிட்டது. கேட்டால் காரணமும் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டாள். “கேள்விய வேணும்னேதான் முதல்ல வெச்சீங்க, இல்ல அண்ணி? எனக்கு இது தோணவே இல்ல.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. ‘இல்லை’ என்று சொல்ல டீச்சருக்கு மனம் வரவில்லை.

மறுநாள் ‘ஆ’ பிரிவில் அதே கேள்வியை அதே மாதிரி தூக்கிப் போட்டாள். பிள்ளைகள் திருதிருவென்று முழித்தார்கள். நாலுதான் பெரியது என்றான் ஒருவன். மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள். அதோடு சரி. டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆசிரியர் அறையில் புலம்பியபோது ஓவிய டீச்சர் தூரிகையைக் கழுவிக்கொண்டே ஒன்று சொன்னாள். நேற்றுக் கணக்கு வகுப்புக்கு முன்னால் ‘அ’ பிரிவுக்கு அவள் வகுப்புதான். ஒரே நீளக் காகிதப் பட்டைகள் இரண்டைக் கொடுத்து, ஒன்றை மூன்றாகவும் ஒன்றை நான்காகவும் சமமாக மடித்து வண்ணம் தீட்டச் சொன்னாளாம். மூன்றாக மடிப்பதற்குள் பிள்ளைகள் படாத பாடு பட்டார்களாம்.

அப்படியானால் முதல் படி நடந்துதான் இருக்கிறது, நடத்தியவள்தான் வேறு! டீச்சர் பட்டைகளோடு ‘ஆ’ பிரிவுக்கு ஓடினாள். மடிக்க வைத்தாள். பாதிப் பேருக்கு முகம் தெளிந்தது. மீதிப் பேர் அழகாக மடித்து வைத்துவிட்டு, நாலுதான் பெரியது என்றார்கள். காகிதம்தான் காரணம் என்றால் இவர்களுக்கு ஏன் ஏறவில்லை? இல்லை, நேற்று ‘அ’ பிரிவு போட்ட சண்டையில்தான் விஷயமா?

சாயங்காலம் நாத்தனாருக்குப் போன் போட்டு, மறந்துபோனதிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

“அண்ணி,” என்றாள் நாத்தனார், “இன்னைக்குப் பயிற்சிக்கு வந்தவங்க அத்தனை பேருகிட்டயும் உங்களச் சொல்லி, கேள்வியில ஆரம்பிங்கன்னு சொல்லிட்டேனே.”

“நாளைக்கு என்ன சொல்லப்போற?”

“மறுபடி முதல்லேர்ந்து யோசிப்போம் அண்ணி.”

இருவரும் படிகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தார்கள். எந்த வரிசையானாலும் அந்த மீதிப் பேரிடம் போய் முட்டிக்கொண்டு நின்றது. காலையில் இரண்டு பேருமாகப் போய், எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று அந்தப் பிள்ளைகளிடமே கேட்பதென்று முடிவாயிற்று.