இனி இமோவில் வர மாட்டேன்

ஷார்ஜாவிலிருந்து வந்து இறங்கிய மறுநாளே ரசீத் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். என் வீட்டுக்காரர் அம்மாரோடு ஒரே கம்பெனியில், ஒரே கேம்ப்பில் இருந்தவர்.

"அம்மார் உன்ட்ட பேசுதானாம்மா?"

பேசுகிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். மூன்று வாரமாகப் புருஷன் பேசவில்லை என்று மேலப்பாளையத்தில் ஒருவரிடம் சொன்னால் அஸர் தொழுகைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். ஆனால் அண்ணன் முகம் சரியில்லை.

"கம்பெனிய இழுத்து மூடிட்டானுவ. கேம்ப்பையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அவனவன் ஒரு பக்கம் போய்ட்டான். அம்மார் எங்கன போனான்னு ஒருத்தருக்கும் தெரியல. போனும் அடைச்சுக் கெடக்கு. உன்ட்டயாவது சொல்லியிருப்பான்னு நெனச்சேன்."

என்னிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு நான் வழி வைக்கவில்லை.

கல்யாணமான நான்கு வருஷமும் நாங்கள் இமோவில்தான் குடும்பம் நடத்தினோம். அங்கிருந்து வாட்ஸ்அப்பில் பேச முடியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மச்சான், அவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், இமோவில் வீடியோவில் வருவார். முதல் வார்த்தையே, "சட்டியக் காட்டு." நான் போனைச் சட்டிக்கு மேலே பிடிப்பேன். என்ன குழம்பு என்று பார்த்துவிட்டுத்தான் என் முகத்தைப் பார்ப்பார்.

போன வருஷம் கல்யாண வீடுகளுக்கு மருதாணி போட ஆரம்பித்தேன். அதற்கென்று புது சிம் வாங்கினேன், இன்ஸ்டாவில் படம் போட்டேன். இரண்டாயிரத்து முந்நூறு பேர் பின்னால் வந்தார்கள், எனக்குத் தலை கனத்துவிட்டது. பழைய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் சாகவிட்டேன். இமோ மட்டும் அந்தப் பழைய எண்ணிலேயே ஓடிக்கொண்டிருந்ததால், மச்சானுக்குப் புது எண்ணைச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. நாள் போகப் போக இமோ எனக்குப் பழைய நைட்டி மாதிரி ஆகிவிட்டது. திறந்தால் முன்பின் தெரியாத எவனாவது 'ஹாய் டியர்' என்று வந்து நிற்பான். குரல் செய்தி அனுப்புவான், கேட்டால் காதைக் கழுவ வேண்டும். இன்ஸ்டாவுக்கு வாங்க, வாங்க என்று மச்சானை நச்சரித்தேன். நானே அவருக்குக் கணக்கும் திறந்து கொடுத்தேன். உள்ளே வந்து பார்த்துவிட்டு, "எல்லாவளும் ஆடிக்கிட்டு இருக்காளுவ, இதுல உன்ன எங்கன தேட? இதுல பேசவும் முடியல" என்றார். அங்கே அதிலும் எழுதத்தான் முடியும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பேச வேண்டாம், எழுதுங்க. இனி இமோவில் வர மாட்டேன்" என்று வைத்தேன். வைத்த கையோடு இமோவைப் போனிலிருந்தே அழித்தேன். பிறகு இன்ஸ்டாவில் புது எண்ணை எழுதி அனுப்பினேன். அவர் பார்த்தால் கீழே சீன் என்று காட்டும், காட்டவில்லை. மறுநாள் ஒன்று, அதற்கு மறுநாள் ஒன்று. எதற்கும் சீன் வரவில்லை. வீம்பு பிடிக்கிறார் என்று நினைத்தேன், நானும் பிடித்தேன். எனக்குப் பிடிக்கத் தெரியாதா?

ரசீத் அண்ணன் போனதும் முதல் வேலையாக இமோவை மறுபடி இறக்கினேன். மச்சான் ஏதாவது சொல்லியிருந்தால் அந்தப் பழைய எண்ணுக்குத்தான் வந்திருக்கும். பழைய எண்ணுக்கு ஓடிபி போயிருப்பதாகச் சொன்னது. அந்தச் சிம் செத்து எட்டு மாதம். ஆனாலும் அந்த எண்ணுக்கே போன் போட்டேன். மணி அடித்தது. என் எண்ணை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

"யாரு?" ஒரு பொம்பளைக் குரல், பின்னால் ஒரே இரைச்சல்.

"அக்கா, உங்க போனுக்கு இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும், அத மட்டும் சொல்லுங்க. இது என் பழைய நம்பர்…"

"ஓடிபியா கேக்குத? யார்ட்டி நீ? உன்னய மாரி எத்தன பேரு கெளம்பிருக்கிய?" வைத்துவிட்டாள். அதற்கப்புறம் எடுக்கவேயில்லை.

ட்ரூகாலரில் அந்த எண்ணுக்கு 'ஃபிளோரா உவரி மீன்' என்று இருந்தது. எனக்கு அது போதும். மாமியிடம் திசையன்விளையில் மருதாணி ஆர்டர் என்றேன். மகனைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. புது பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறியதிலிருந்து உவரியில் இறங்கும்வரை ஒரே துஆதான். யா அல்லாஹ், அவர் உயிரோடு இருந்தால் போதும். அதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டேன், இன்ஸ்டாவை இன்றைக்கே தலைமுழுகிவிடுகிறேன்.

உவரிக் கரையில் ஃபிளோராவைக் கேட்டால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஏலம் முடிந்து, சாளை மீனை ஐஸ் பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மேலப்பாளையத்திலிருந்து புர்கா போட்டு ஒருத்தி ஓடிபிக்காக வந்து நிற்பதை அவளால் நம்ப முடியவில்லை. நான் கல்யாணப் படத்தைக் காட்டினேன். இவரைத்தான் தேடுகிறேன் என்று சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது.

படத்தைப் பார்த்ததும் அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"இந்த ஆள எனக்குத் தெரியும்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எம் மவன் அஜின் பஹ்ரைன்ல மீன்பிடி போட்டுக்குப் போயிருக்கான். அவன்ட்ட பேசத்தான் இந்த நம்பர்ல இமோ போட்டேன். போட்ட மறுநாள்லருந்து இந்த மூஞ்சி விடாம கூப்பிடுது. ஒரு தடவ எடுத்தேன், நான் மூஞ்சியக் காட்டல. 'சட்டியக் காட்டு'ன்னான். எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம்! பெறவு வாய்ஸ் அனுப்புனான். எவன் எவனோ அனுப்புத அசிங்கத்த ஏற்கனவே கேட்டு நொந்து போயிருக்கேன், அதனால தொறக்கவே இல்ல பிள்ள. பிளாக் பண்ணிட்டேன்."

அவளை நான் என்ன சொல்ல? அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

பிளாக்கை எடுத்துவிட்டு அந்தக் குரல் செய்தியைப் போட்டாள். இரைச்சலில் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரு படகின் மறைவில் போய் உட்கார்ந்து, போனை நடுவில் வைத்துக் கேட்டோம்.

"ஷம்சு, எடுத்துட்டுப் பேச மாட்டேங்குத. சரி, கோவம் இருக்கட்டும். கம்பெனிய மூடிட்டாங்க. உம்மாட்ட சொல்லிராத. நீ சொன்னதுதான் சரி, நான் இன்ஸ்டாவுக்கே வந்துருதேன். போன் மாத்துனதுல அது என்னய வெளிய தள்ளிட்டு. பாஸ்வேர்ட் கேக்குது. நீதான போட்டுத் தந்த, என்னன்னு சொல்லு. இங்கன ஒருத்தரு, தூரத்துல ஒரு எடத்துல வேல இருக்கு, வான்னு கூப்பிடுதாரு. போவவா, ஊருக்கு வந்துரவா? நீ சொல்லுதத செய்யுதேன்."

அவ்வளவுதான். நாற்பத்திரண்டு விநாடி. வீம்பு பிடிக்கவில்லை என் மச்சான். கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார், சாவி என் கையில்.

அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது. அதை ஃபிளோரா அக்கா கட்டைவிரலால் மறைத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் விரலைப் பைய விலக்கினேன்.

'நீ யாருன்னே எனக்குத் தெரியாது. இனிமே கூப்பிட்டா போலீசுக்குப் போவேன்.'

பிளாக் செய்யும் முன் அவள் அனுப்பியது. என் பழைய எண்ணிலிருந்து, நான் பேசும் இடத்திலிருந்து, அவர் என்னிடம் 'போவவா, வந்துரவா' என்று கேட்டதற்கு நேர் கீழே. அதைப் படித்த மனுஷனுக்கு அது யார் சொன்னதாக இருந்திருக்கும்?

"யம்மா, மாதாவே, நான் தெரியாமச் செஞ்சிட்டேன் பிள்ள" என்று அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அவள் போனிலிருந்தே கூப்பிட்டேன். போகவில்லை. அவர் கடைசியாக அதில் வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. நான் குரல் அனுப்பினேன். மச்சான், அத எழுதுனது நான் இல்ல. வந்துருங்க. வேல வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், வந்துருங்க. பாஸ்வேர்டையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பிறகு எழுதியும் அனுப்பினேன். எதுவும் அவரைப் போய்ச் சேரவில்லை.

"போன நீ வச்சிக்க. மணி அடிச்சா நீயே எடு" என்று என் மடியில் வைத்துவிட்டு ஃபிளோரா அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மீன் வண்டிக்காரன் இரண்டு தடவை கூப்பிட்டான். அவள் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் தோன்றியது. பாஸ்வேர்ட் என்னிடம் இருக்கிறதே, அவர் கணக்குக்குள் நானே போய்ப் பார்க்கலாமே. எப்படியாவது உள்ளே வந்திருப்பாரோ, வேறு யாருக்காவது இருக்கும் இடத்தை எழுதியிருப்பாரோ? என் போனில் அவர் கணக்கைத் திறந்தேன். வேறு யாரும் இல்லை. நான் எழுதியவை மட்டும் வரிசையாகக் கிடந்தன. புது எண். 'பாக்க மாட்டீங்களா?' 'பிடிக்கலன்னா விட்டுருங்க.' 'நானும் விட்டுருதேன்.' எல்லாவற்றையும் அவர் பக்கத்திலிருந்து படித்தேன். வெட்கமாக இருந்தது.

மறுபடி என் கணக்குக்கு வந்தேன். மூன்று வாரமாக மணிக்கு நான்கு தடவை திறந்து திறந்து பார்த்தேனே, அது வந்திருந்தது. கடைசிச் செய்திக்குக் கீழே, சின்ன எழுத்தில், சீன்.

ஒரு நொடி சந்தோஷமே வந்துவிட்டது. பிறகுதான் புத்தி வந்தது, பார்த்தது நான்தான்.