சேதுபதி வீட்டு வேல்கம்பி

1

இந்தக் கதையில் பாதி, ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வாசலில் டீ குடிக்கும்போது காதில் விழுந்தது. மீதி, நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே நடந்து தொலைத்தது. முதல் வரியாக 'ரத்தம் பீறிட்டு' என்று எழுதி— வேண்டாம். பீறிடாமல் போனதுதானே கதை!

2

ராஜபாளையத்தில் பால்ச்சாமியும் சேதுபதியும் அடுத்தடுத்த வீடு. நடுச்சுவர் யார் இடத்தில் நிற்கிறது என்று வழக்கு, போட்டவர் பால்ச்சாமி. பேச்சுவார்த்தை கிடையாது. ஒருநாள் காயப்போட்ட அவர் வேட்டி, காற்றில் பறந்து சேதுபதி வீட்டுக்குள் விழுந்தது. கேட்டைத் திறக்கச் சொல்ல வீம்பு விடுமா? ஏறினார். கால் வழுக்கியது. கேட்டின் வேல்கம்பி தாடைக்கு அடியில் குத்தி, நாக்கு வரை ஏறிவிட்டது.

ஓடிவந்த சேதுபதி, தொங்கியவரைத் தோளில் தாங்கிக்கொண்டார்.

"தூக்கி உருவுங்கய்யா!" என்றது தெரு.

"ஏலே, எவனும் தொடாதிய! கம்பிய அறுக்க ஆளக் கூப்புடு!" என்றார் சேதுபதி.

(இங்கே அவருடைய மனிதநேயம் பற்றி ஒரு பத்தி எழுதி அவரிடமே வாசித்துக் காட்டினேன். "அட, அதெல்லாம் இல்லீங்க. உருவி, செத்துகித்துப் போனாம்னா அந்தக் கேஸும் என் தலையிலதான விடியும்?" என்றார். பத்தியை அடித்துவிட்டேன்.)

3

அறுத்த கம்பியோடேயே ஆஸ்பத்திரி. டாக்டர் ஷிஃபா முதலில் கழுத்தின் முன்பக்கம் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்தார். பிறகுதான் கழுத்தைத் திறந்து, ரத்தக்குழாயைக் கட்டி, கம்பியை எடுத்து, நாக்கைத் தைத்தார்.*

"நல்லவேளை, உருவலை. உருவியிருந்தா தெருவுலயே முடிஞ்சிருக்கும்."

பால்ச்சாமியின் மனைவி சண்முகத்தாய், சேதுபதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, எந்தாலியக் காப்பாத்திக் குடுத்துட்டிய. நீங்க நல்லா இருக்கணும்."

கேஸுக்குப் பயந்துதான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்த சேதுபதி, சொல்ல ஏலாமல் அழுதுவிட்டார்.

* டாக்டர் இதை விளக்கும்போது என் கழுத்தைத்தான் தொட்டுக் காட்டினார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

4

முடிவு அ: பால்ச்சாமி வழக்கை வாபஸ் வாங்குகிறார். போனில் வாசித்தேன். "அவன் மவராசனா இருக்கணும். ஆனா நெலம் வேற" என்றார், காற்றுப்போல. குரல் அம்புட்டுதான் திரும்பியிருந்தது.

முடிவு ஆ: சேதுபதி சுவரை இடிக்கி—

அவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

வாய்தா அன்று இருவரும் ஒரே பைக்கில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். கூண்டில் பால்ச்சாமி சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லுங்க" என்றார் நீதிபதி. முயன்றார், முடியவில்லை. கண் கலங்கி நின்றார்.

சேதுபதி அனுமதி கேட்டு எழுந்துபோய், அவர் வாயருகே காதைக் கொடுத்தார். நிமிர்ந்தார்.

"ஐயா, நான் அவரு எடத்துல ஒரு அடி தள்ளிச் சுவர் எழுப்பிட்டேங்காரு."

மறுபடி குனிந்து கேட்டார்.

"வேணும்னே செஞ்சேனாம்யா."

தீர்ப்பு இன்னும் வரவில்லை. என்னால் எழுத முடியாது, நீங்களே சொல்லுங்கள்.